நாலு பேருக்கு மேல் உட்கார மாட்டோம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் நான் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி யாராவது கேட்டால், "அங்கன கத்திக் கத்தித்தான் இவ தொண்ட இப்பிடி ஆச்சு" என்றுதான் எங்கள் வீட்டில் ஆரம்பிப்பார்கள். தொண்டை கெட்டது உண்மை. ஆனால் அதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. முதல் ஆறு மாதமும் நான் வகுப்பறைக்கு வெளியே, வாசற்படியில் நின்றுகொண்டு பாடம் நடத்தினேன்.

இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகள் அவை. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, சிவகாசியில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், பேப்பர் கடையில் ரீம் எண்ணிக்கொண்டிருந்தேன். படித்ததற்கும் ரீம் எண்ணுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அத்தாவும் கேட்கவில்லை. அப்போது செய்தித்தாளில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தேன். சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை, ஊர்ப்புறங்களில் கம்ப்யூட்டர் சொல்லித்தர முன்வருபவர்களுக்குச் சிறிய நிதி தருகிறதாம். ஐந்து கம்ப்யூட்டர், ஆறு மாதத்துக்கு கரண்ட் பில். வகுப்பு நன்றாக நடந்தால் மேலும் ஒரு வருடம் தருவார்கள். நடக்காவிட்டால் கம்ப்யூட்டர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்து படிப்பார்கள்? குறைந்தது இருபது பேர் இருக்க வேண்டும் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருந்தார்கள். நான் இருபது என்று எழுதினேன். ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் என்று கணக்குச் சரியாகத்தானே வருகிறது.

இடமும் சுலபமாகக் கிடைத்தது. அத்தாவிடம் பேப்பர் வாங்கும் பிரஸ்கார அண்ணாச்சி ஒருவருக்கு விஸ்வநத்தத்தில் பழைய கொடவுன் ஒன்று சும்மா கிடந்தது. "படிப்புக்குத்தானம்மா, வச்சுக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். படிக்க வந்தவர்கள் இருபது பெண்கள். எல்லோருமே பட்டாசு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். சாயங்காலம் மூன்றரை மணிக்கு வேலை முடிந்து, கை கால் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்கு வந்தார்கள்.

முதல் நாளே சண்டை. நான்கு பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மீதிப் பதினாறு பேரும் முற்றத்தில் நின்றார்கள். வாங்க வாங்க என்று கூப்பிட்டேன், அசையவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னும் அன்பாகக் கூப்பிட்டேன். அதற்கும் அசையவில்லை. என் அன்பு அவ்வளவுதான் தாங்கும்.

"என்னக்கா, வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா? உள்ள வாங்க!"

அவர்களில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்தார். வெடிமருந்து கலக்கும் வேலை பார்ப்பவர். மருந்து அக்கா என்றுதான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அதிர்ந்து பேச மாட்டார். "நாலு பேரு உள்ள இருக்காகல்ல டீச்சர். அவுக வெளிய வரட்டும், நாங்க போறோம்" என்றார்.

பட்டாசு கம்பெனியில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி ரூமில் நடக்கும். ஒரு ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஏதாவது ஆனால் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. வருஷக்கணக்காக அப்படியே உட்கார்ந்து பழகியவர்களுக்கு, ஐந்தாவது ஆளாக ஒரு ரூமுக்குள் நுழைய கால் வரவில்லை. இது கம்ப்யூட்டர், வெடிக்காது என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். "வெடிக்காதுன்னு தெரியும் டீச்சர். ஆனா மனசு கேக்கலயே" என்றார் மருந்து அக்கா.

சரி, நாலு நாலு பேராக வாருங்கள் என்று இறங்கி வந்தேன். நாலு மணிக்கு ஆரம்பித்து, ஒரு குழுவுக்கு முக்கால் மணி நேரம் என்று ஐந்து குழுவும் முடிய ஏழே முக்கால் ஆகும். முதல் நால்வருக்குப் பாடம் நடத்தலாம் என்று உள்ளே போனேன். நால்வரில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். கம்பெனியில் பட்டாசுக் குழாய்க்குக் காகிதம் சுருட்டுகிறவள், ஒல்லியாக, துறுதுறுவென்று இருப்பாள்.

"ஏன், ஒனக்கு என்னா?"

"நீங்களும் ஒரு ஆளுதான டீச்சர்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் நான் ஒரு ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது? வெளியே போய் வாசற்படியில் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தாள். என் தொண்டை கெட்ட கதை இதுதான்.

சொல்லிக்கொடுத்தது புரோகிராமிங்கின் அரிச்சுவடி. திரையில் ஓர் ஆமை இருக்கும். முன்னால் இத்தனை போ, வலப்பக்கம் இத்தனை திரும்பு என்று கட்டளை கொடுத்தால், போகிற வழியெல்லாம் கோடு போடும். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதாமல், இதை முப்பத்தாறு தடவை செய் என்று ஒரே வரியில் எழுதலாம். மதுரையில் என்னோடு படித்தவர்களுக்கு இது மண்டையில் ஏற ஒரு வாரம் ஆனது. இங்கே சொல்லி வாய் மூடவில்லை, "எங்க பொழப்பே அதான டீச்சர்" என்றாள் குழாய் சுருட்டுகிறவள். அன்று சாயங்காலமே ஐந்து குழுவும் சக்கரம் வரைந்துவிட்டது. வட்டத்துக்குள் வட்டமாக, திரை நிறைய. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அத்தாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "சக்கரமா? அதத்தான் இங்கன தெருவெல்லாம் செய்றாகளே" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகிற காலம் அது. போனால் திரை அணைந்துவிடும், எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். சும்மா நிற்பானேன் என்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். ஒருத்தி ஆமை. மற்றவர்கள் கட்டளை சொல்லச் சொல்ல, கையில் செங்கல் துண்டோடு தரையில் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே போக வேண்டும். குழாய் சுருட்டுகிறவள்தான் எப்போதும் ஆமை. வேண்டுமென்றே சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பாள். உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரில் கற்றதைவிட அந்த முற்றத்தில்தான் அதிகம் கற்றார்கள்.

இதையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதினேனா? இல்லை. மூன்றாம் மாத அறிக்கையிலும் அதே கட்டம் இருந்தது. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இருபது என்றே எழுதினேன். நான்கு என்று எழுதினால் நிதி நின்றுவிடுமோ என்று பயம். பொய்தான். தெரிந்தேதான் எழுதினேன்.

ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. அடுத்த வாரம் ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார், அதை வைத்துத்தான் ஒரு வருட நீட்டிப்பு முடிவாகும் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்து பார்ப்பவர் கண்ணில் நான்கு பேர் மட்டும் பட்டால் என் பொய் அம்பலமாகும். கம்ப்யூட்டர்கள் லாரி ஏறிவிடும். அன்று சாயங்காலம் இருபது பேரையும் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், இருபது பேரும் உள்ளே உட்காருங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவர்கள் பார்த்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மணி நேரந்தான டீச்சர்? இருந்துருவோம்" என்றார் மருந்து அக்கா. அவர் சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமைக்கு ஆசைப்பட்டு இன்னொரு வேலையும் செய்தேன். வகுப்பு நடக்கும்போது கரண்ட் போய்த் திரை அணைந்தால் வருகிறவர் என்ன நினைப்பார்? அண்ணாச்சியின் பிரஸ்ஸில் போய் ஒரு பெரிய யுபிஎஸ்ஸை இரவல் வாங்கிவந்து, அவர் வருகிற நாளன்று மத்தியானம் மாட்டிவைத்தேன். அதுவரை எங்கள் வகுப்பில் யுபிஎஸ்ஸே கிடையாது. கரண்ட் போனால் அது கத்தும் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

வந்தவர் ஐம்பது வயது அம்மா. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடி, கையில் ஒரு ஃபைல். சிரிக்கவே இல்லை. இருபது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடத்துக்குப் பின்சுவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தேன். நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே நின்று, கத்தாமல், டீச்சர் மாதிரி பாடம் நடத்தினேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேடம் ஃபைலில் ஏதோ எழுதக்கூடச் செய்தார். அப்போது கரண்ட் போனது. மூலையில் இருந்த யுபிஎஸ் 'கீங்ங்' என்று அலறியது.

கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி. யாரும் கத்தவில்லை, யாரும் எதையும் எடுக்கவில்லை. போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்கள். ஆனால் கொடவுனுக்கு இருந்தது ஒரே கதவு, அதுவும் உள்பக்கம் திறப்பது. இருபது பேரும் அந்த ஒற்றைக் கதவில் போய் அடைத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் வளையல் நொறுங்கியது, இன்னொருத்திக்கு முழங்கை சிராய்ந்தது. எப்படியோ பிதுங்கி வெளியே போய், முற்றத்தையும் தாண்டிப் புளியமரத்தடியில்தான் நின்றார்கள். நானும் மேடமும் மட்டும் உள்ளே, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

யாரோ திரும்பி ஓடி வருகிற சத்தம் கேட்டது. மருந்து அக்கா. உள்ளே பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் தள்ளினார். நான் விழுந்து எழுவதற்குள் மறுபடி உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிஷம் மேடமும் வெளியே வந்தார். வந்தார் என்ன வந்தார், தரதரவென்று இழுத்துக்கொண்டு வரப்பட்டார். கண்ணாடி கோணலாகத் தொங்கியது.

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. "யா அல்லா! அக்கா, அது யுபிஎஸ்! கரண்ட் போனா கத்தும். அம்புட்டுத்தான்! இதுக்கா இந்த ஓட்டம்?"

என்னை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் மருந்து அக்காவைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். எப்போதும் சிரிக்கும் குழாய் சுருட்டுகிறவள் அழுதுகொண்டே அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வெளிய வந்துட்டு உள்ள போவீகளாக்கா? ரெண்டு தடவ போறீக! ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

மருந்து அக்கா அவள் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். "டீச்சரு அங்கனயே நின்னுக்கிட்டு இருந்தாகடி. அவுகளுக்கு ஓடத் தெரியாதுல்ல. அந்தம்மாவுக்கும் தெரியல" என்றார்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்து, "உள்ளே போகக் கூடாதா?" என்று கேட்டார். நான் சொன்னேன். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தருவது இரண்டு. சத்தம் கேட்டால் ஓடு. வெளியே வந்துவிட்டால், உள்ளே யார் இருந்தாலும் திரும்பிப் போகாதே. அந்த இரண்டாவதை மருந்து அக்கா எனக்காக ஒரு தடவையும், முன்பின் தெரியாத உங்களுக்காக ஒரு தடவையும் மீறியிருக்கிறார். இதைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுத வாய் சும்மா இருக்கவில்லை, பொய்யையும் கக்கிவிட்டது. "மேடம், இவுக ஒரு நாளும் இருபது பேரா உக்காந்ததே இல்ல. நாலு நாலு பேராத்தான் உக்காருவாக. நான் எழுதுனது பொய். இன்னிக்கி இவுகள உள்ள அடைச்சு வச்சதும் நான்தான். எழுதிக்கோங்க."

மேடம் ஃபைலைத் தேடினார். அது உள்ளே கிடந்தது. மருந்து அக்கா குறுக்கே வந்தார். "அம்மா, டீச்சரு பொய் எழுதலம்மா. நாங்க இருபது பேருதான். வேணும்னா எண்ணிப் பாருங்க. ரூம்புதான் ஒண்ணே ஒண்ணா இருக்கு."

மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "கரண்ட் எப்போது வரும்?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? "அதுவரைக்கும் என்ன செய்வீர்கள்?"

ஆமை விளையாட்டைக் காட்டினோம். வேறு என்ன செய்வது, போகிறது போகட்டும் என்று ஆகிவிட்டது. குழாய் சுருட்டுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கல் துண்டை எடுத்தாள். மேடமே கட்டளை சொல்ல ஆரம்பித்தார். முன்னால் பத்து. வலப்பக்கம் திரும்பு. முன்னால் நாற்பது. நாற்பது கொஞ்சம் அதிகம். ஆமை நேராகப் போய் மேடம் வந்த காரில் முட்டி, மூக்கைக் கதவில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஏன் நிற்கவில்லை?" என்றார் மேடம்.

"நீங்க நிப்பாட்டச் சொல்லலியேம்மா!"

மேடம் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு மருந்து அக்கா சக்கரம் வரைகிற புரோகிராமை ஒரு வரி விடாமல் மனப்பாடமாகச் சொன்னார். ஆமை முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து, செங்கல் நிறத்தில் ஒரு பெரிய சக்கரத்தைப் போட்டுவிட்டு, தலை சுற்றி அதன் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. இருட்டுவதற்குமுன் மேடம் கிளம்பினார். கொடவுன் கதவருகே போய் உள்ளும் புறமும் ஒரு தடவை பார்த்தார், ஃபைலை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அடுத்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே கம்ப்யூட்டர் எடுக்க வந்துவிட்டார்கள் என்று வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வகுப்பில் எல்லோரும் வழக்கம்போல நாலு நாலு பேராக வந்து உட்கார்ந்தார்கள், நான் வாசலில் நின்று கத்தினேன். யுபிஎஸ்ஸை மறுநாளே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

கடிதம் வந்தபோது பிரிக்கப் பயந்து அத்தாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "கதவு எதுக்கும்மா கேட்ட?" என்றார். நான் கதவு எதுவும் கேட்கவில்லையே. பிடுங்கிப் படித்தேன். நிதி ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. ஒரு வகுப்பில் நான்கு பேர். அதன் கீழே, கற்றல் கருவிகள் என்ற தலைப்பில் ஒரே ஒரு பொருள்: கதவு ஒன்று, வெளிப்பக்கம் திறப்பது. கதவு வாங்க அவர்களுடைய படிவத்தில் வேறு தலைப்பு இல்லைபோலிருக்கிறது. நான் கடையிலேயே குதித்தேன். ரீம் அடுக்கு ஒன்று சரிந்தது.

சுவரை உடைக்க அண்ணாச்சியிடம் அனுமதி கேட்கப் போனேன். "கொடவுனுக்கு எதுக்கும்மா ரெண்டு கதவு? களவாணிப்பய இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போறதுக்கா?" என்று கேலி பேசினார். அன்று ஒரே கதவில் இருபது பேர் அடைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் குடும்பத்துக்கும் ஒரு பட்டாசு கம்பெனி உண்டு. கேலி நின்றுவிட்டது. "நாளைக்கே கொத்தனார அனுப்புறேன். அந்தப் பழைய கதவயும் வெளிப்பக்கமாத் தெறக்குற மாதிரி மாத்திருவோம்" என்றார்.

நான்கே நாளில் வேலை முடிந்தது. பழைய கதவுக்கு நேர் எதிரே புதுக் கதவு. காற்று சும்மா பிய்த்துக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் மருந்து அக்காதான் முதலில் வந்தார். பழைய கதவு வழியாக நுழைந்து, குறுக்கே நடந்து, புதுக் கதவைத் தோளால் ஒரு இடி இடித்து வெளியே போனார். திரும்பி உள்ளே வந்தார். இன்னொரு தடவை அதே மாதிரி போய்வந்தார். பிறகு தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.

"ம், சொல்லுங்க டீச்சர்."

அந்த ஆறு மாதமும் அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.